பங்கர் மணலிலிருந்து ஒரே அடியில் வெளியே வர: டர்பனில் கோல்ஃப் தொடங்குபவர்களுக்கு

டர்பனில் புதிதாக கோல்ஃப் ஆடத் தொடங்கிய நம்மவர்களிடம் எதற்குப் பயம் என்று கேட்டுப் பாருங்கள். தண்ணீர் என்று சொல்பவர் குறைவு, பங்கர் எனும் மணல் பள்ளம் என்பவர்தான் அதிகம். தண்ணீரில் போன பந்தை மறந்துவிட்டு வேறு பந்து எடுக்கலாம். மணலில் விழுந்தது கண்ணெதிரே கிடந்து வம்புக்கு இழுக்கும். ஒரு அடி, பந்து அதே இடத்தில். இன்னொரு அடி, பந்து, குழியும் கொடியும் உள்ள கிரீனைத் தாண்டி எதிர்ப் பங்கரில். கூட ஆடுகிறவர்கள் மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இத்தனைக்கும் பந்தை நேராகத் தொடவே வேண்டாத அடி இது. கிரீன் ஓரப் பங்கரில் மட்டை பந்துக்குப் பின்னால் மணலில் இறங்கி, பந்துக்கு அடியில் புகுந்து, முன்னால் வெளிவருகிறது. அந்த மணல்தான் பந்தைத் தூக்கி வெளியே போடுகிறது. மட்டை 3 செ.மீ. பின்னால் இறங்கினாலும் 7 செ.மீ. பின்னால் இறங்கினாலும் பந்து எப்படியும் வெளியே வந்துவிடும். ஃபேர்வே எனும் வெட்டிய புல்தரையில் இந்தத் தாராளம் கிடையாது. அங்கே ஒரு செ.மீ. பின்னால் பட்டாலே அடி வீண்.

ஆகவே புதியவருக்கு இலக்கு ஒன்றுதான். ஒரே அடியில் வெளியே வந்து, கிரீனில் எங்கேயாவது நிற்க வேண்டும். கொடிக்குப் பக்கத்தில் வைப்பதெல்லாம் அப்புறம். கீழே சொல்வது வலக்கைக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மணலைப் பாருங்கள்

இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலும் வெள்ளை வெளேரென்று உலர்ந்து பொலபொலத்த மணல்தான் இருக்கும். நம் ஊர் நிலவரம் வேறு. அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். மத்தியானத்துக்கு மேல் இடியும் மின்னலுமாகக் கொட்டிவிட்டுப் போகும். மறுநாள் காலை பங்கர் மணல் இறுகிக் கிடக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை அரிது. அதே பங்கரில் அப்போது கால் புதையும். ஜனவரியில் பழகிய அடி ஜூலையில் பந்தை அங்கேயே விட்டுவிடும். ஜூலை அடி ஜனவரியில் பந்தைக் கிரீனுக்கு அப்பால் பறக்கவிடும். "போன மாசம் நன்றாகத்தானே வந்தது" என்று புலம்புகிறவர்கள் தங்கள் கையைச் சந்தேகப்படுகிறார்களே தவிர, மணல் மாறியதைக் கவனிப்பதில்லை.

மணலைச் சோதிக்க விதி நமக்கு விட்டுவைத்திருப்பது கால்களை மட்டும்தான். கையாலோ மட்டையாலோ ரேக் எனும் மணல் வாரியாலோ மணலைத் தொட்டுப் பதம் பார்க்கக் கூடாது. ஆனால் நிற்பதற்காகக் கால்களை அழுத்தி ஊன்றிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. பங்கரின் தாழ்ந்த ஓரமாக இறங்கி நடக்கும்போதே கவனியுங்கள். ஷூவின் அடிப்பாகம் முழுதும் அமிழ்ந்தால் இளகிய மணல். மேலே மொறுமொறுவென்று உடைந்து, கீழே தரை தட்டினால் இறுகிய மணல். நின்று காலை ஊன்றும்போது இன்னொரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, பந்து எப்படிக் கிடக்கிறது? மேலே உட்கார்ந்திருக்கிறதா, பாதி புதைந்திருக்கிறதா, விழுந்த வேகத்தில் குழி பறித்து நடுவில் அமுங்கிவிட்டதா? இந்த இரண்டையும் பார்த்து முடிக்கும் முன் பையிலிருந்து மட்டையை எடுக்காதீர்கள்.

எந்த மட்டை

சாண்ட் வெட்ஜ் என்பது 54 முதல் 58 டிகிரி வரை லாஃப்ட், அதாவது முகச் சாய்வு, உள்ள மட்டை. அதில் லாஃப்டைவிட முக்கியமான சங்கதி அடிப்பாகத்தில் இருக்கிறது. புரட்டிப் பார்த்தால், முன் விளிம்பைவிடப் பின் விளிம்பு சற்றுத் தாழ்ந்து, அகலமாக, உருண்டையாக இருக்கும். அந்தச் சாய்வுக்குப் பெயர் பவுன்ஸ். அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சாரசன் தன் மட்டையின் அடியில் உலோகத்தை உருக்கி ஒட்டி இப்படி அகலமாக்கிக்கொண்டு, 1932இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். இன்றைய சாண்ட் வெட்ஜ் அங்கிருந்து வந்ததுதான். அதற்கு முந்தைய மட்டைகள் கூர்விளிம்போடு மணலுக்குள் இறங்கி அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

தோசையைத் திருப்பும்போது கரண்டியைச் செங்குத்தாகக் குத்தினால் தோசை கிழியும். சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் கல்லோடு வழுக்கி அடியில் நுழையும். பவுன்ஸ் மட்டைக்குச் செய்து கொடுப்பது அந்தச் சாய்வைத்தான். மட்டையைக் கொஞ்சம் திறந்து, அதாவது முகம் வானத்தைப் பார்க்கும்படி வலப்பக்கம் திருப்பிப் பிடித்தால், பவுன்ஸ் இன்னும் கூடும். இளகிய மணலுக்கு அது நல்லது. இறுகிய மணலில் அதே பவுன்ஸ் தரையில் மோதி எகிறும். முன் விளிம்பு நேராகப் பந்தின் வயிற்றில் போய் அடிக்கும்.

கடையில் வாங்கும்போது 56 டிகிரி லாஃப்ட், 10 முதல் 12 டிகிரி பவுன்ஸ் உள்ள ஒரு மட்டை போதும். பல மட்டைகளில் இந்த இரண்டு எண்களும் அடியிலேயே பொறித்திருக்கும். பழைய மட்டையானாலும் பரவாயில்லை. புதியவர் மூன்று வெட்ஜ் சுமப்பதை நான் வீண் செலவு என்றே சொல்வேன்.

நிற்கும் விதம்

முதலில் மட்டையைத் திறங்கள், அப்புறம் பிடியுங்கள். இந்த வரிசை முக்கியம். பிடித்த பிறகு மணிக்கட்டைத் திருப்பித் திறந்தால், அடிக்கும் நேரத்தில் கை பழைய நிலைக்கே திரும்பி மட்டை மூடிக்கொள்ளும்.

கால்களை வழக்கத்தைவிட அகலமாக வைத்து, மணலில் கொஞ்சம் புதைத்து ஊன்றுங்கள். கால் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு நீங்களும் பந்தைவிடத் தாழ்ந்துவிட்டீர்கள், அதனால் மட்டை தானாகவே பந்துக்கு அடியில் போகும். முழங்காலை நன்றாக மடக்கிக்கொள்ளுங்கள். பந்து இடது குதிகாலுக்கு நேராக இருக்கட்டும். உடல் எடையில் பாதிக்கு மேல், ஒரு 60 சதவீதம், இடது காலில். அடி முடியும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும். மட்டையைத் திறந்ததால் முகம் கொடிக்குச் சற்று வலப்பக்கம் பார்க்கும். அதை ஈடுகட்ட, கால், இடுப்பு, தோள் மூன்றையும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி நிற்க வேண்டும். கொஞ்சம்தான். சிலர் நாலில் ஒரு பங்கு வட்டமே திரும்பிவிடுகிறார்கள், அது தேவையில்லை.

பிடியைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். டர்பன்காரர்களுக்கு அந்தக் கவலை இருக்கவே கூடாது. நம் ஊர் ஆட்டக்காரர் பாப்வா சேவ்கோலம் கேடியாக, அதாவது மட்டைப் பை சுமப்பவராக இருந்து, பள்ளிக்கூடப் படிப்பு இல்லாமல், இரண்டு கையையும் தலைகீழாக மாற்றிப் பிடித்து ஆடியவர். வலக்கைக்காரர், ஆனால் இடக்கை கீழே! அந்தப் பிடியோடு டச்சு ஓப்பனை மூன்று முறை, 1959, 1960, 1964 ஆண்டுகளில் வென்றார். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நடால் ஓப்பனை வென்றபோது, இந்தியர் என்பதால் உள்ளே விடாமல், மழையில் வெளியே நிற்கவைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். 1965இல் அதே போட்டியில் தென்னாப்பிரிக்காவின் பெரிய ஆட்டக்காரர் கேரி பிளேயரையே பின்னுக்குத் தள்ளினார். அதன்பின் அன்றைய நிறவெறி அரசு அவரைப் போட்டிகளிலிருந்தே ஒதுக்கிவிட்டது. ரிசர்வாயர் ஹில்ஸில் உம்கேனி ஆற்றோரம் அவர் பெயரில் ஒரு மைதானம் உண்டு. பிடி எந்த வடிவில் இருந்தாலும் ஆட்டம் வரும். இறுக்கம்தான் ஆகாது. முன்கை நரம்பு புடைக்கும் அளவுக்குப் பிடித்தால் மட்டைத் தலை வேகம் எடுக்காது, வேகமில்லாத மட்டை மணலில் நின்றுபோகும்.

அடி

கண் பந்தைப் பார்க்க வேண்டாம். பந்துக்குப் பின்னால் மூன்று விரற்கடை, சுமார் 5 செ.மீ. தள்ளி ஒரு மணற்பொட்டைத் தேர்ந்து அதையே பாருங்கள். மட்டை இறங்க வேண்டிய இடம் அதுதான். மட்டையை மணலில் வைக்காமல் அந்தப் பொட்டுக்கு மேலே அந்தரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்னால் தூக்கும்போது மணிக்கட்டைச் சீக்கிரமே மடக்கி, மட்டையைச் செங்குத்தாக மேலே கொண்டுபோங்கள். இறங்கும்போது அந்தப் பொட்டில் இறக்கி, நிறுத்தாமல், முன்பக்கம் இடுப்புக்கு மேல் கை வரும்வரை ஓடவிடுங்கள். மார்பு கொடியைப் பார்த்து முடிய வேண்டும். அடித்த பிறகு பார்த்தால் ஒரு சாண் நீளம், விரல் பருமன் ஆழத்தில் மணல் எடுபட்டிருக்கும். அதைவிட ஆழமாக இருந்தால் நீங்கள் தோண்டுகிறீர்கள். மட்டையை இன்னும் கொஞ்சம் திறந்து பாருங்கள்.

எவ்வளவு வேகம்? எல்லோரும் தயங்கும் இடம் இது. கொடி 10 மீட்டரில் இருக்கிறது, இவ்வளவு பெரிய வீச்சா என்று மனசு பிடித்து இழுக்கும். ஆனால் வேகத்தில் பெரும்பகுதியை மணல் தின்றுவிடுகிறது. புல்லிலிருந்து 25, 30 மீட்டருக்கு எந்த வீச்சு வேண்டுமோ, பங்கரிலிருந்து 10 மீட்டருக்கு அந்த வீச்சு வேண்டும். தூரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வீச்சின் நீளத்தை மாற்றுங்கள். மட்டை இறங்கும் இடத்தை மாற்றாதீர்கள். சிலர் தூரம் குறைய வேண்டும் என்று இன்னும் பின்னால் அடிக்கச் சொல்லித் தருவார்கள். தினமும் ஆடுகிறவருக்கு அது சரிவரும். வார இறுதியில் மட்டும் ஆடுகிறவர் மாற்ற வேண்டியது ஒன்றாக இருக்கட்டும்.

பந்து உள்ளேயே நின்றால், பெரும்பாலும் பயத்தில் வீச்சைப் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள். பந்து தாழ்வாகச் சீறிப் பாய்ந்தால், அதை மேலே தூக்கிவிடும் ஆசையில் எடையை வலது காலுக்கு மாற்றியிருப்பீர்கள். அப்போது மட்டை பந்தை எட்டும் முன்பே ஏறத் தொடங்கி, விளிம்பு பந்தில் படும். பெரிய ஆட்டக்காரருக்கும் இது நடக்கும். 1961 மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் 18ஆம் குழியில் கேரி பிளேயர் கிரீன் ஓரப் பங்கரில் விழுந்தார். அங்கிருந்து அடித்து, கிரீனில் உருட்டும் ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்டு முடித்தார். பின்னால் வந்த அர்னால்ட் பாமருக்கு வெல்ல நாலு அடி போதும். அவரும் பங்கரில் விழுந்தார். அவர் அடித்த பந்து கிரீனைத் தாண்டி ஓடியது. ஆறு அடியில் முடித்து, ஒரே அடி வித்தியாசத்தில் தோற்றார். அமெரிக்கர் அல்லாத ஒருவர் மாஸ்டர்ஸை வென்றது அதுவே முதல் முறை. வென்றவர் நம் ஜோகன்னஸ்பர்க்காரர்.

குறி எங்கே? கொடி பங்கர் ஓரத்தை ஒட்டி இருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம். கிரீனின் அகலமான பகுதிக்கு ஆடுங்கள். டர்பன் கன்ட்ரி கிளப்பின் 12ஆம் குழிக்கு வேல்ஸ் இளவரசர் குழி என்றே பெயர். மேட்டின்மேல் கிரீன், இரு பக்கமும் சரிவு. 1920களில் வந்த இளவரசர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலைந்து அங்கே 17 அடி எடுத்தார் என்று இங்கே இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மணல் ஒத்துழைக்காதபோது

மழைக்கு மறுநாளைய இறுகிய மணலுக்கு: மட்டையைத் திறக்காதீர்கள், முகத்தை நேராக வையுங்கள். பவுன்ஸ் குறைந்த மட்டை இருந்தால் அதை எடுங்கள். லாஃப்ட் குறைந்த பிட்சிங் வெட்ஜ்கூட நன்றாக வரும். மூன்று விரற்கடைக்குப் பதில் இரண்டு விரற்கடை பின்னால் அடியுங்கள். ஈர மணல் வேகத்தைக் குறைவாகத் தின்னும், அதனால் வீச்சு சின்னதாக இருக்கட்டும். பந்து தாழ்வாக வந்து அதிகம் உருளும்.

புதைந்த பந்துக்கு இதுவரை சொன்னதைக் கொஞ்சம் மறக்க வேண்டும். இங்கே வழுக்கிப் போவது உதவாது, தோண்டத்தான் வேண்டும். முகத்தை நேராகவோ சற்று மூடியோ வைத்து, எடை முழுதும் இடது காலில் போட்டு, பந்துக்குப் பின்னால் குழியின் விளிம்பில் செங்குத்தாக இறக்குங்கள். முன்வீச்சு தேவையில்லை, மட்டை மணலில் நின்றாலும் சரி. பந்து எகிறி விழுந்து சுழற்சி இல்லாமல் நெடுந்தூரம் உருளும். அதைத் தடுக்க உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, இடம் விட்டு ஆடுங்கள்.

ஏற்றச் சரிவில் தோளைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்து நின்றால் பந்து உயரமாக எழும்பிக் கிட்டவே விழும். துணிந்து பெரிதாக வீசுங்கள். இறக்கச் சரிவுதான் கஷ்டம். அங்கேயும் தோள் சரிவோடு போகட்டும், அடித்த பிறகு மட்டையைச் சரிவின் வழியே கீழ்நோக்கித் துரத்துங்கள். எழும்பாமல் ஓடும் பந்துதான் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

பழக எங்கே போவது

பங்கர் பழக்கத்துக்கு இடம் கிடைப்பது சிரமம். பயிற்சி மைதானங்கள் பலவற்றில் பங்கரே இருக்காது. ஆனால் நம்மிடம் கடற்கரை இருக்கிறது. பந்து வேண்டாம், மட்டையும் ஒரு துணையும் போதும். தனியாகப் போகாதீர்கள், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வீசவும் வீசாதீர்கள். அலை வற்றிய நேரத்தில் தண்ணீர் ஓரம் இறுகிய மணல், பத்தடி மேலே ஏறினால் உலர்ந்து இளகிய மணல். ஜனவரியும் ஜூலையும் பக்கத்துப் பக்கத்தில்!

மணலில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். கோட்டின் இரு பக்கமும் கால் வைத்து நின்று, இடது குதிகாலுக்குச் சற்றுப் பின்னால் கோடு வரும்படி வைத்து வீசுங்கள். மட்டை கோட்டிலேயே இறங்கி அதற்கு முன்னால் மணலை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு அடி தள்ளி நகர்ந்துகொண்டே போனால், திரும்பிப் பார்க்கும்போது உங்கள் பிழை வரிசையாகத் தரையில் எழுதியிருக்கும். எல்லாத் தழும்பும் கோட்டுக்குப் பின்னால் தொடங்கினால் எடை வலது காலில் இருக்கிறது. மட்டை கோட்டில் ஒழுங்காக இறங்கத் தொடங்கிய பிறகு, பயிற்சிப் பங்கர் உள்ள ஒரு மைதானத்தைத் தேடிப் போய், கோட்டுக்கு முன்னால் மூன்று விரற்கடையில் பந்தை வைத்து அதையே செய்யுங்கள். வந்த பிறகு மட்டையை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க மறக்க வேண்டாம், உப்பு அரித்துவிடும்.

தண்டனை வாங்காமல் இருக்க

பந்துக்கு முன்னாலோ பின்னாலோ மட்டையை மணலில் வைத்தாலும், ஒத்திகை வீச்சில் மணலைத் தொட்டாலும், பின்வீச்சில் மட்டை மணலில் உரசினாலும், அடி எண்ணும் ஆட்டத்தில் இரண்டு அடி தண்டனை. குழிக்குக் குழி வெற்றி எண்ணும் மேட்ச் ஆட்டத்தில் அந்தக் குழியே போய்விடும். 2010 பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் டஸ்டின் ஜான்சன், தான் நிற்பது பங்கர் என்றே தெரியாமல் மட்டையை மணலில் வைத்தார். இரண்டு அடி சேர்ந்தது. வெற்றியாளரைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் வாய்ப்பு போயிற்று.

2019இல் விதிகள் தளர்ந்தன. பங்கருக்குள் கிடக்கும் இலை, சுள்ளி, கல் இவற்றை எடுத்துப் போடலாம். எடுக்கும்போது பந்து நகர்ந்தால் ஒரு அடி தண்டனை. அடிக்கவே முடியாது என்று தோன்றினால் ஒரு அடி தண்டனையோடு பங்கருக்குள்ளேயே வேறிடத்தில் பந்தைப் போடலாம். இரண்டு அடி தண்டனையோடு, குழியையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் பின்னால் போய், பங்கருக்கு வெளியே போடலாம். உயர்ந்த விளிம்புக்கு அடியில் பந்து ஒட்டிக் கிடந்தால், வீராப்பாக நாலு அடி வீணாக்குவதைவிட இந்த இரண்டு அடி லாபம்.

மழை பெய்து பங்கரில் தண்ணீர் தேங்கியிருந்தால், உள்ளேயே தண்ணீர் இல்லாத கிட்டிய இடத்தில் தண்டனையின்றிப் போடலாம்; வெளியே போட வேண்டுமானால் ஒரு அடி. இடி கேட்டால் விதி பார்க்காதீர்கள், நடையைக் கட்டுங்கள்.

குரங்கு நம் ஊர்ச் சங்கதி. அது பந்தைத் தூக்கிக்கொண்டு போனால் தண்டனை இல்லை, இருந்த இடத்திலேயே வேறு பந்து வைக்கலாம். ஆனால் பங்கரில் அது நடந்த கால்தடத்தில் பந்து கிடந்தால் சலுகை கிடையாது, கிடக்கிறபடியேதான் ஆட வேண்டும். சாப்பாட்டுப் பையை வண்டியில் திறந்து வைத்துவிட்டுப் பங்கருக்குள் இறங்குகிறவர் எதை இழப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஃபேர்வே பங்கர்

கிரீனுக்கு 100, 150 மீட்டர் தள்ளி உள்ள பங்கரில் எல்லாமே நேர்மாறு. அங்கே பந்தைத்தான் முதலில் அடிக்க வேண்டும், மணலை அல்ல. முதல் கேள்வி, விளிம்பு எவ்வளவு உயரம் என்பது. அதைத் தாண்ட எவ்வளவு லாஃப்ட் வேண்டுமோ அந்த மட்டை. தூரம் பத்தவில்லை என்றால் பத்தாமலே போகட்டும். விளிம்பு தாழ்வாக இருந்தால் வழக்கத்தைவிட ஒரு எண் குறைந்த, அதாவது இன்னும் தூரம் போகும் மட்டையை எடுத்து, பிடியை ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடியுங்கள். காலை ஆழமாகப் புதைக்க வேண்டாம். பந்து நடுவில் இருக்கட்டும். இடுப்பை அதிகம் ஆட்டாமல், முக்கால் வீச்சில் கையும் தோளுமாக அடியுங்கள்.

எந்தப் பங்கரானாலும் பந்து வெளியே போன பிறகு ரேக்கை எடுத்து உங்கள் கால்தடத்தையும் மட்டைத் தழும்பையும் சமப்படுத்திவிட்டு, இறங்கிய வழியே ஏறுங்கள். கேடி இருந்தால் பெரும்பாலும் அவரே செய்துவிடுவார். வயதான கேடியை இங்கே 'பாபா' என்று கூப்பிடுவது மரியாதை. அந்த மைதானத்தின் மணல் எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று அவரிடம் கேளுங்கள். ரேக்கைப் பங்கருக்கு உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்பது கிளப்புக்கு கிளப் மாறும். ஸ்கோர் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அதையும் அவரிடமே கேட்டுவிடலாம்.